மாலியின் கம்பளி

உலகத்தில் தக்காளிச் செடிக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, தான் சாக்குப்பைக்குள் புகுந்து தூங்கிய ஒரே மனிதர் கம்பளி மாலிதான். அவருடைய நிஜப் பெயரை நான் கேட்டதில்லை. அவரும் என்னுடையதைக் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒதுங்கினேன். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மாலி, மில் கூலி சின்னப்பன், நான். மூவருக்கும் அடுப்பு ஒன்று. பசி மட்டும் தனித்தனி.

வெள்ளைக்கார துரை பங்களாவைக் காலி செய்து கப்பலேறியபோது, வேலைக்காரர்கள் நாற்காலி, பீங்கான், திரைச்சீலை என்று அள்ளினார்களாம். தோட்டக்காரரான மாலி எடுத்து வந்தது ஒரு தக்காளிப் பழம். பூசணிபோல் வரிவரியாக, கருஞ்சிவப்பாக இருக்கும் அந்த ஜாதி ஊரில் வேறெங்கும் இல்லை என்பார். வருஷா வருஷம் விதையைச் சாம்பலில் பிசைந்து சுவரில் அப்பி வைப்பார். மார்கழிப் பனியில் செடி கருகாமலிருக்கத்தான் கம்பளி.

அந்த வருஷம் அடைமழையில் செடிகள் அழுகின. சுவரில் இருந்த பழைய விதையும் கூரை ஒழுகிக் கரைந்து போனது. மிஞ்சியது ஒரு செடி, ஒரே பழம். விதைக்காக அதை நன்றாகப் பழுக்கவிட்டு, மாலி இருமிக்கொண்டே காவல் இருந்தார். அவர் ஆஸ்பத்திரிக்கு மருந்துக்குப் போன நேரத்தில், மில்லில் வேலை போய்ப் பட்டினி கிடந்த சின்னப்பன் அதை உப்பைத் தொட்டுத் தின்றுவிட்டான்.

"டேய், இன்னாடா பண்ணே?"

"பசிச்சிச்சுண்ணே. அடிச்சிடு."

மாலி அடிக்கவில்லை. வெறும் காம்பைப் பார்த்தார். பிறகு அவன் வயிற்றைப் பார்த்தார்.

"மென்னியா, முழுங்கினியா?"

"மெல்ற பொறுமை ஏதுண்ணே?"

"நல்லது. இனிமே முனிசிபாலிட்டி கக்கூசுப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே. பின்னாடி குழி வெட்றேன். அங்கதான்."

"ஐயோ, பேஜார் பண்ணாதண்ணே! தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். விதை உள்ள கீது இல்ல?"

தெரு சிரித்தது. மாலி கிழிந்த சாக்கைத் திரையாகப் பிடித்து நிற்பார். "ஆச்சாடா?" என்று இருமலுக்கு நடுவே கேட்பார்.

"நீ நின்னா வரமாட்டேங்குதுண்ணே!" என்று திரைக்குப் பின்னாலிருந்து சின்னப்பன் கத்துவான்.

எல்லாம் முடிந்ததும் மாலி குழியில் மண் தள்ளி, அதன்மேல் கம்பளியைப் போர்த்தினார்.

"மண்ணுக்குக் குளிருமா?" என்றேன்.

"உள்ள கீறதுக்குக் குளிரும்பா."

தை பிறந்ததும் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். படுக்கையிலிருந்து கேட்டது ஒன்றுதான். "முளைச்சிச்சா?"

"இன்னும் இல்லண்ணே," என்றான் சின்னப்பன். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மாலியைப் புதைத்துவிட்டு வந்த அதே வாரம் குழியில் நாற்று தலைநீட்டியது. சின்னப்பன் அதன் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அடுத்த மார்கழியில், விடிந்தும் விடியாத நேரத்தில், வேறு ஊருக்குப் போக மூட்டை கட்டினேன். செடியில் வரிவரியாகக் காய்கள். மாலியின் கம்பளி நைந்து ஓட்டையாகியிருந்தது. அதன்மேல் சின்னப்பனின் கம்பளியும் கிடந்தது. அவன் உள்ளே சாக்குப்பைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒரே மனிதர் என்று மேலே எழுதியது தவறு.