மோட்டார் அறைக்குப் பக்கத்து வகுப்பு

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

மூத்த மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மகளும் பேத்தியும் சௌக்கியம்; தொண்டையைத் தவிர நானும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும், "சின்ன மாப்பிள்ளை வகுப்புல பிள்ளைங்க கண் கொட்டாம கேக்குதாமே" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்களே, அந்தப் பார்வை எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ஒரே பள்ளியில் ஒரே வகுப்பின் இரண்டு பிரிவுகளை நானும் சகலையும் பார்த்துக்கொள்கிறோம், உண்மைதான். ஆனால் அவருடைய அறை தோட்டத்தைப் பார்த்தது, என்னுடையது தண்ணீர் மோட்டாரை ஒட்டியது என்பதை யாராவது உங்களிடம் சொன்னார்களா? மோட்டார் ஓடினால் ஜன்னல் கம்பியே நடுங்கும். நான் மண் அரிப்பு என்று கத்தினால் கடைசி பெஞ்சு மண்டை அரிப்பு என்று எழுதுகிறது. காதைத் தீட்டித் தீட்டியே களைத்துப்போய், மூன்றாவது பீரியடில் பாதிப் பேர் மேஜையில் கன்னம் வைத்துவிடுகிறார்கள்.

இதைச் சொன்னால் உங்கள் மகள், "மோட்டாரா தூங்க வைக்குது?" என்று சிரிக்கிறாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தலைமையாசிரியையை நச்சரித்து, பிள்ளைகளோடு அறைகளை ஒரு வாரத்துக்கு மாற்றிக்கொண்டோம். மாமா, என்ன ஆச்சு தெரியுமா? என் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க இவ்வளவு மெதுவாக்கூடப் பேசுவீங்களா?" என்றாள். அங்கே சகலையின் பிள்ளைகள் வரிசையாகக் கொட்டாவி விட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நாலு தடவை எட்டிப் பார்த்தேன், வயிறு குளிர்ந்தது. ஆகவே கெட்டிக்காரத்தனம் அவரிடம் இல்லை, அறையில் இருக்கிறது. வருகிற ஞாயிறன்று இதையும் நீங்கள் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அதே சத்தத்தில்.

அத்தைக்கு என் நமஸ்காரம். கொழுந்தியாளுக்கு ஆசி. சகலைக்கு அன்பு, கொஞ்சம்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சேதி வந்தது. சகலை காவலாளியிடம் போய், "அண்ணே, பள்ளி தொடங்குறதுக்கு முன்னாடியே மோட்டாரைப் போட்டுடுறீங்களா?" என்று கேட்டாராம். "அதுக்கென்ன சார், இதுவரைக்கும் யாரும் சொல்லலையே" என்று அவரும் ஒத்துக்கொண்டாராம். இப்போது அங்கே ஒருவரும் தூங்குவதில்லை. தலைமையாசிரியை சகலையைக் கூப்பிட்டுப் பாராட்டினார். வாரம் முடியும்வரை காத்திருக்காமல் என் அறையை எனக்கே திருப்பித் தரும்படி மனு கொடுத்திருக்கிறேன். மேலே எழுதியதை யாரிடமும் சொல்ல வேண்டாம். இத்தனை வருஷம் உனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று கேட்பீர்கள். அந்த இரைச்சலில் எப்படி மாமா தோன்றும்?