ஒற்றை நட்சத்திரம் சண்முகசுந்தரம்

மனித குலத்தில் புதிதாக ஓர் இனம் கிளம்பியிருக்கிறது. நட்சத்திரம் போடுகிறவர்கள். சோசியர்களைச் சொல்லவில்லை. சோசியராவது நம் நட்சத்திரம் என்னவென்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இவர்கள் கேட்பதே கிடையாது, அவர்களாகவே போட்டுவிடுவார்கள். அதுவும் ஒன்றே ஒன்று.

கடைக்குப் போனால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? வேண்டியதை வாங்குவோம், பில்லைப் பார்த்து மனசுக்குள் திட்டுவோம், பேசாமல் வீட்டுக்கு வந்து சேருவோம். இந்த இனத்துக்குச் சாமான் வாங்குவது இரண்டாம்பட்சம். ரெய்டுக்கு வந்த அதிகாரி மாதிரி போனை முன்னால் நீட்டிக்கொண்டு நுழைவார்கள், கூரை மூலையில் தொங்கும் ஒட்டடையைப் படம் எடுப்பார்கள், விலைச்சீட்டைப் படம் எடுத்து இதே சாமான் ஆப்பில் என்ன விலை என்று அங்கேயே நின்று பார்ப்பார்கள், 'அங்க கம்மி' என்று பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவருக்குத் தகவல் கொடுப்பார்கள், பிறகு வாசல்படியை அடைத்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் எழுத ஆரம்பிப்பார்கள். பின்னால் நிற்பவர் வெளியே போக வேண்டுமே? போகட்டும், அவசரம் என்ன?

உதாரணம் வேண்டுமானால் மேற்கு மாம்பலம் சண்முகசுந்தரத்தைப் பாருங்கள். வங்கியில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்த காலம் முழுக்க வாடிக்கையாளர்களிடம் வசவு வாங்கினவர். ஓய்வு பெற்ற மறுநாளே வாடிக்கையாளராகிவிட்டார். முகநூலில் 'நம்ம ஏரியா கடைகள்' என்று ஒரு குழு. அதில் ஒரு வரி எழுதினால் மாம்பலத்திலிருந்து அடையாறு வரை படிப்பார்கள். அங்கே அவருக்கு 'முன்னணி விமர்சகர்' என்ற பட்டம் வேறு கொடுத்துத் தொலைத்துவிட்டார்கள்.

முடிவெட்டும் கடைக்கு ஒரு நட்சத்திரம்: 'பேச்சு அதிகம்.' அடுத்த மாதம் அந்த மனிதர் வாயைத் திறக்காமல் வெட்டினார். அதற்கும் ஒன்று: 'வாடிக்கையாளரை மதிப்பதில்லை.' சொந்தச் சித்தப்பாவை எரித்துவிட்டு வந்த அன்று மின்மயானத்துக்கு மட்டும் தாராளமாக மூன்று போட்டார்: 'வேலை துரிதம். மறுபடி வரும் எண்ணம் இல்லை.'

இளநீர்க்காரர் ஏசுராஜ் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார். "இன்னா சார், எளநிக்குக் கூடவா ஸ்டாரு? வழுக்க கீது, துண்ணுட்டுப் போவியா, சும்மா போட்டோ புடிச்சிக்கினு."

வீட்டிலும் ரசத்தை வாயில் வைத்ததும் விரல் பரபரக்கும். ஒருமுறை தெரியாத்தனமாக "மூணு" என்று சொல்லிவிட்டார். மனைவி பங்கஜம் ரசச் சட்டியோடு எழுந்து போய்விட்டாள். "நாளையிலேருந்து ஆப்லயே வாங்கிச் சாப்பிடுங்க. அங்க போடுங்க உங்க ஸ்டார."

ஏன் சுவாமி எப்போதும் ஒன்று என்று நான் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "அஞ்சு போட்டா எவன் படிக்கிறான்? ஒரு தடவை போட்டேன். மூணு பேர் லைக் போட்டாங்க. அதுல ஒருத்தன் கடைக்காரன்."

போன ஆடித் தள்ளுபடியில் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனார். வேட்டி வாங்கினார். வாசலை அடைத்தார். எழுதினார். ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறதாம். மஞ்சப்பை கேட்டால்தான் தருகிறார்களாம். கல்லாவில் இருந்த இளைஞர் கணக்கைக் கவனிக்காமல் போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாராம். கல்லாப் பையனைப் பற்றி இன்னும் பல வரிகள் எழுதிவிட்டு, 'இவரை யார் கட்டிக்கொள்வாளோ, பாவம்' என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி வரிக்குத்தான் மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சண்முகசுந்தரத்துக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் சிணுங்கியது. உங்கள் பதிவுக்கு ஒரு பதில். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆசையாகத் திறந்தார்.

'நான் கட்டிக்கிறேன் அப்பா. – சந்திரிகா.'

சந்திரிகா அவருடைய ஒரே மகள். அந்த நேரத்தில் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்து அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவே இருந்தது ஒரு திரைச்சீலை. அப்பாவிடம் நேரில் சொல்லப் பல மாதமாகத் தைரியம் வராதவள், அப்பா எங்கே தவறாமல் படிப்பாரோ அங்கே போய்ச் சொல்லிவிட்டாள். குழுவில் இருக்கும் நாற்பதாயிரம் பேர் சாட்சி.

"யார்டி அவன்?" என்று திரையை விலக்கினார்.

"பேரு மதிவாணன். கடை அவங்க அப்பாவோடது. அன்னிக்கு அவர் சிரிச்சது நான் அனுப்பின மெசேஜைப் பார்த்துத்தான்."

"அப்படி என்ன அனுப்பின?"

"'எங்கப்பா உங்க கடைக்கு வேட்டி வாங்க வர்றார், ஜாக்கிரதை'ன்னு அனுப்பினேன்."

சண்முகசுந்தரம் நாற்காலியைத் தேடினார். பங்கஜம் அதற்குள் பையன் வீட்டுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம் என்பது வரை விசாரித்து முடித்திருந்தாள். அவளுக்குத் திருப்தி.

"அப்பா," என்றாள் சந்திரிகா. "நீங்க எழுதினதுனால அவங்க வீட்ல வேண்டாம்னு சொல்லிட்டா, நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். உங்களோட பேசவும் மாட்டேன்."

சொன்னதைச் செய்கிற பெண். அவருக்கு அது தெரியும்.

நல்லவேளை, பையன் வீட்டில் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆட்டோவில் தி.நகர் கிளம்பினார்கள். வழியெல்லாம் சண்முகசுந்தரத்துக்கு ஒரே யோசனை. அந்த மாதிரி எழுதிவிட்டு அவர்கள் வீட்டுக் காபியை எப்படிக் குடிப்பது? துரைசாமி சுரங்கப்பாதை நெரிசலில் ஆட்டோ நின்றபோது, யாருக்கும் தெரியாமல் போனை எடுத்து, பதிவை அப்படியே அழித்தார். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. தெம்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைக்கு மேலேயே வீடு. பையனின் அப்பா முத்துகிருஷ்ணன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. உங்க புண்ணியத்துல கடையில கூட்டம் தாங்கல. வாரவ எல்லாரும் கல்லாவப் பாத்து, 'இவருதானா மாப்ள'ன்னு சிரிச்சிட்டுத்தான் சேலையே கேக்காவ."

பின்னால் நின்ற மதிவாணன் தலை நிமிராமல், "வா... வா... வாங்க மாமா" என்றான்.

காபி வந்தது. கேசரி வந்தது. பையனின் அம்மா, தென்காசியிலிருந்து வந்திருந்த நாத்தனாருக்கு அந்தப் பதிவைக் காட்டவென்று போனைத் திறந்தாள். தேடினாள். மறுபடி தேடினாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"காணலியே. அழிச்சிட்டியளா?"

"ஆமாம்மா," என்றார் சண்முகசுந்தரம் பெருமையாக. "நானே எடுத்துட்டேன்."

"அப்பம் உங்க மக எழுதுனதும் சேந்துல்லா போச்சு? எம்புள்ளையக் கட்டிக்கிடுதேன்னு ஊரறியச் சொன்ன எழுத்து. அத அழிச்சிட்டு வந்து உக்காந்திருக்கியன்னா என்ன அர்த்தம்? பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா நேராச் சொல்லிருங்க."

யாரும் கேசரியைத் தொடவில்லை. சந்திரிகா அப்பாவைப் பார்த்த பார்வையில் அவருக்கு வேர்த்துவிட்டது.

"இல்லம்மா, இல்ல. இப்பவே திரும்பப் போட்டுடறேன்," என்று பதறிப் போனை எடுத்தார். "மறுபடி எழுதறேன், அவளும் கீழ மறுபடி எழுதட்டும். வார்த்தைதான்... சரியா ஞாபகம் இல்ல." உண்மைதான். அன்று மட்டும் நான்கு கடைகளைப் பற்றி எழுதியிருந்தார்.

"ஏசி பத்தி இருந்துச்சு," என்றார் முத்துகிருஷ்ணன் உற்சாகமாக.

"மஞ்சப்பை," என்றாள் பையனின் அம்மா.

இப்படிக் குடும்பமே கூடி, தங்களைத் திட்டிய திட்டை ஆளுக்கு ஒரு வரியாக எடுத்துக் கொடுத்தது. பங்கஜத்துக்கு அடக்க முடியாத சிரிப்பு. அதற்கு மேல் யாருக்கும் வரி ஞாபகம் வரவில்லை.

"எனக்குத் தெரியும் மாமா, எழுதிக்கோங்க," என்றான் மதிவாணன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "'கல்லாவில் இருந்த இளைஞருக்கு முகத்தில் களையே இல்லை. படிப்பு ஏறாததால் அப்பா இங்கே உட்காரவைத்திருப்பார் போலிருக்கிறது. பேச்சும் திக்குகிறது. மீதிச் சில்லறை எவ்வளவு என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் நாம் பக்கத்துக் கடையில் இன்னொரு வேட்டி வாங்கிவிடலாம். இவரை யார் கட்டிக்கொள்வாளோ, பாவம்.'"

ஓர் எழுத்தில்கூடத் திக்கவில்லை. அத்தனை தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

சண்முகசுந்தரத்தின் கட்டைவிரல்கள் முதல் வரியிலேயே நின்றிருந்தன. ஊரைப் பற்றியெல்லாம் எழுதினவர், போனை மடியில் கவிழ்த்துவிட்டு எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்தார். "தம்பி, அது நான் எழுதியிருக்கக் கூடாது" என்றார். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டார்.

"பர... பரவால்ல மாமா."

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் பையனின் அம்மா. "பொண்ணு குடுக்கச் சம்மதந்தானே?"

"சம்மதம்."

"அப்பம் அத எழுதுங்க."

எழுதினார். 'தி.நகர் மதிவாணனுக்கு என் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம்.' நட்சத்திரம் ஒன்றும் போடவில்லை. கல்யாணம் தையில்.

சரி, சண்முகசுந்தரத்தைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். நானும்தான். போன வாரம் உங்களுக்குச் சாப்பாடு ஆறிப்போய் வந்ததே, பசி வேகத்தில் கொண்டுவந்தவரைப் பற்றி என்னவோ தட்டிவிட்டீர்களே, அது என்ன வார்த்தை? ஞாபகம் இல்லையா? அவரைக் கேளுங்கள், ஒரு வரி விடாமல் சொல்வார்.