தார் ஆறக்கூடாது என்று பேசியவர்

மனிதர்களில் 'அங்கெல்லாம்' என்றொரு வகை இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? கடல் தாண்டி இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருவார்கள். வந்த பிறகு இங்கே பெய்கிற மழைகூட அவர்களுக்குச் சரியாகப் பெய்வதில்லை. பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த வகைக்கு ஏகப் பிரதிநிதி தம்பையா. ருமேனியாவில் இரண்டு குளிர்காலம் தார் ரோடு போட்டவர். திரும்பி மூன்று வருஷமாகியும் அங்கே தாரின் சூடு பார்த்த தெர்மோமீட்டரைச் சட்டைப் பையிலிருந்து இறக்காதவர்.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே, ரோட்டு வளைவில் ஒரு குழி. குழி என்றா சொன்னேன்? ஆடு விழுந்தால் கொம்புதான் தெரியும். திங்கட்கிழமைக்குள் மூடாவிட்டால் பஸ்ஸைக் கடைச் சந்தியோடு திருப்பிவிடுவேன் என்று டிரைவர் சொல்லிவிட்டார். சந்தியிலிருந்து லயத்துக்கு இரண்டு மைல் ஏற்றம். முழங்கால் வலிக்குக் கிளினிக் போய்வரும் மீனாம்பாளுக்கு, அதாவது தம்பையாவின் மனைவிக்கு, அதை நினைத்தாலே கண் கலங்கியது.

டவுன் ரோட்டு வேலையில் மிஞ்சிய சுடுதார்க் கலவையை ஞாயிறு காலை லொறி டிரைவர் புவாட் கொண்டுவந்தார். கூலியில்லாத ஊர் வேலையான சிரமதானத்துக்கு நாற்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். நாற்பது பேர்! ருமேனியாவில் தம்பையா சொல்வதைக் கேட்க ஓர் ஆளாவது நின்றதுண்டா? கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். அங்கெல்லாம் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி ஐஸாகி ரோட்டையே பிளந்துவிடும் என்றார். குழியைச் சதுரமாக வெட்டச் சொன்னார். சதுரம் கோணல் என்று மறுபடி வெட்டச் சொன்னார். தெர்மோமீட்டரைக் குழிக்குள் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கடைசியில் முக்கியமான விதிக்கு வந்தார். தார் ஆறவே கூடாது. லொறி வந்த கையோடு கொட்டி, கொட்டிய கையோடு உருட்டிவிட வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் எல்லாம் பாழ். இந்த விதியை விளக்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

"அண்ணே, தார் ஆறுது," என்றார் புவாட்.

"அதத்தானே தம்பி சொல்லிக்கிட்டு இருக்கேன்."

மத்தியானம் லொறியைச் சாய்த்தபோது முதலில் எதுவும் விழவில்லை. பிறகு எல்லாம் ஒரே கட்டியாக விழுந்து, குழிக்குள் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இப்போது வளைவில் குழியும் உண்டு, மேடும் உண்டு.

திங்களன்று பஸ் சந்தியோடு திரும்பிவிட்டது. கிளினிக் போய்வந்த மீனாம்பாள் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவர் தலையில் அரிசி மூட்டை. பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அங்கெல்லாம் இந்த மாதிரி ஏத்தத்துல..."

"அங்க ஒங்களுக்குப் பாஷ தெரியாதுங்க," என்றாள் மீனாம்பாள். "அதான் ரோடு போட்டிருக்கீங்க."

தம்பையா யோசித்துப் பார்த்தார். உண்மைதான். மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு மறுபடி தோளைக் கொடுத்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இப்படி ஒருவர் எங்கள் தெருவிலும் இருக்கிறாரே என்று பக்கத்தில் இருப்பவரிடம் இந்நேரம் ஆரம்பித்திருப்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் கையிலிருக்கும் தேத்தண்ணீரைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்.