திரைவேந்தருக்காக அப்பா போட்ட மொட்டை

மதிப்பிற்குரிய நல்லசாமி மாமா அவர்களுக்கு,

புக்கிட் பெருந்துங்கிலிருந்து உங்கள் அக்காள் மகள் லோகேஸ்வரி பணிவுடன் எழுதுவது. தாங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவின் தலையைத் தவிர எல்லாரும் சுகம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா மோட்டாரில் வந்து இறங்கியபோது முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய மேலுதடுதான். லோரி ஓட்டிக் கறுத்த முகத்தில் அந்த ஒரு பட்டை மட்டும், சுவரில் காலண்டரைக் கழற்றிய இடம் மாதிரி வெளுத்திருந்தது. மீசையைக் காணோமே என்று நான் திகைக்கும்போதே ஹெல்மெட்டைக் கழற்றினார். முடியும் இல்லை. அம்மா கையிலிருந்த வெங்காயம் உருண்டு ஓடியது. "ஐயோ, யாருங்க போனா? எங்க நல்லசாமியா?" என்று அலறினார். முதலில் உங்கள் பெயரைத்தான் கேட்டார், மாமா. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"உன் தம்பிக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காரு. நம்ம திரைவேந்தர் பூபாலன் போயிட்டாரு அம்சா. நான் அனாதையாயிட்டேன்" என்று அப்பா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். லோரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததாம், உடனே லோரியை மில்லில் நிறுத்திவிட்டு நேராக முடி வெட்டும் கடைக்குப் போயிருக்கிறார். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கூடத்தில் பூபாலன் படத்தை வைத்து விளக்கேற்றி, எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தாரையெல்லாம் உட்கார வைத்து வாழ்க்கை வரலாற்றை ஆரம்பித்தார். நாடகக் கம்பெனியில் திரை இழுக்கப் போன பையன், ராஜா வேஷக்காரருக்குக் காய்ச்சல் வந்த அன்று கயிற்றைக் கட்டிவிட்டு உள்ளே போய் ராஜா ஆனதைச் சொன்னார். ஒட்டு மீசை அரித்ததால் சொந்த மீசை வளர்த்ததையும், அது தமிழ்நாடு தாண்டி, கடல் தாண்டி நம் பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டம் வரைக்கும் பரவியதையும் சொன்னார். ஒரே படத்தில் அப்பாவாகச் செத்து மகனாக அழுது இரண்டுக்கும் தானே பரிசு வாங்கியதைச் சொன்னார். அவரோடு ஜோடியாக ஆடியவர்கள் பாட்டி வேஷத்துக்கு வந்த பிறகும் அவர் மட்டும் காலேஜ் முடிக்காமலே இருந்ததைச் சொல்லும்போது அப்பா துண்டில் மூக்கைச் சிந்தினார். எங்கள் பிறந்தநாளை அப்பா அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். பூபாலனுக்கு எந்தப் படப்பிடிப்பில் கால் சுளுக்கியது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

பாதி வரலாற்றில் பக்கத்து வீட்டு விமலன் கைப்பேசியை நீட்டினான். "அங்கிள், அழுவாதீங்கலா. உங்க ஆளு கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்காரு."

உண்மைதான் மாமா. வதந்தியைக் கேட்டு அவரே வீடியோவில் வந்து, "நான் நல்லாத்தான் இருக்கேன். என் மீசைக்குக்கூட ஒண்ணும் ஆகல" என்று முறுக்கிக் காட்டினார். அப்பா ஆனந்தக் கண்ணீர் விட்டார். பிறகு தானும் முறுக்கக் கையைக் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ரூபினி அக்காவுக்குப் பரிசம் என்பது அவருக்கு நினைவு வந்தது.

அதற்குள் மொட்டைத் தலைப் படம் ரவாங்கில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை திலீப்பின் அம்மா புஷ்பா கூப்பிட்டார். "சம்பந்தி, மொட்டைன்னா வீட்ல யாரோ போயிருக்கணும்லா? தீட்டு வீட்ல எப்படித் தட்டு மாத்துறது?" அம்மா கஞ்சி வீடியோவை அனுப்பி விளக்கினார். சம்பந்தியம்மா வெகுநேரம் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும், "நான் நம்புறேன். எங்க பக்கத்துப் பெரியவங்க நம்பணுமே. தாய்மாமன் வந்து சபையில நிக்கட்டும். அவரும் வரலன்னா, உங்க பக்கம்தான் யாரோ போயிட்டாங்க, மறைக்கிறீங்கன்னு எழுந்து போயிடுவாங்க" என்றார்.

ஆக, மாமா, எல்லாம் உங்கள் கையில் வந்து நிற்கிறது. நீங்களோ மொட்டைப் படத்தைப் பார்த்த அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டீர்கள். போன வருடம் தாத்தா இறந்தபோது நீங்கள் எவ்வளவோ கேட்டும், மீசை திரைவேந்தர் கொடுத்தது, தொடக் கூடாது என்று அப்பா சொன்னதை நானும் கேட்டேன். "எங்கப்பனுக்கு எடுக்காத மீசைய கூத்தாடிக்கு எடுத்தாரா மச்சான்?" என்று நீங்கள் கேட்டது நியாயம்தான். அப்பாவைக் கேட்டால், "மீசை வளரட்டும், நேர்ல போய்ப் பேசுறேன். இந்த மூஞ்சியோட எப்படி மன்னிப்பு கேக்குறது?" என்கிறார். நேற்று அக்காவின் கண்மையால் மீசை வரைந்து பார்த்தார். சாப்பிட்டு முடிக்கும்போது அது தாடியாகிவிட்டது.

எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். ஆனால் கட்டிலில் எடுத்து வைத்திருந்த பரிசச் சேலையை மடித்து மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, தையல் கடையில் பொத்தான் வைக்கும் நான் பெரியவர்கள் விஷயத்தில் பேசக் கூடாது. போனில் உங்கள் குரல் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். அந்தச் சேலைக்கு ரவிக்கை தைத்தது நான்தான், மாமா. அவள் அதை ஞாயிற்றுக்கிழமை கட்ட வேண்டும். அப்பாவை நீங்கள் மன்னிக்க வேண்டாம். வந்து நின்று முறைத்தால் போதும்.

உங்கள் ஊர் கோலா குபு பாருவுக்கு வேலைக்குப் போகும் விமலனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அத்தைக்கு என் அன்பு. உங்கள் இருவர் காலையும் இங்கிருந்தே தொட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லோகேஸ்வரி

பின்குறிப்பு: மாமா, கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் அப்பாவின் கைப்பேசி அதிர்ந்தது. பூபாலன் இன்று காலை நிஜமாகவே போய்விட்டார். இந்த முறை அவருடைய மகனே டிவியில் அழுகிறார். அப்பாவுக்குத் தெரிந்தால் பதினாறு நாள் துக்கம் காக்காமல் விடமாட்டார். எடுப்பதற்கும் இனி புருவம்தான் பாக்கி. அவர் குளித்துக்கொண்டிருக்கிறார். கைப்பேசியை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு, மூடியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.