திறக்காத பூட்டு

"கடக்னு சத்தம் கேட்டுச்சா சார்? முந்நூறு வருஷப் பூட்டு! இனிமே ஈ எறும்புகூட வெளியே போகாது" என்று பெருமையடித்து வாய் மூடுவதற்குள், பூட்டு அருங்காட்சியகத்தின் காப்பாளருக்கு வியர்த்துவிட்டது. பூட்டிய சாவியை எப்படித் திருப்பினாலும் பூட்டு திறக்கவில்லை. உள்ளே அவரும் புத்தகக்காரரும் மட்டுமே இருந்தார்கள்.

புத்தகக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. உலகத்தில் யாரும் எட்டிப் பார்க்காத வினோத இடங்களாகத் தேடிப்போய்ப் பட்டியலிட்டுப் புத்தகம் போடுகிறவர். அவர் பட்டியலில் இடம் கிடைக்காவிட்டால், கட்டடத்தை இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் ஆக்குவதென்று நகராட்சி முடிவெடுத்திருந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல சார், சாவி மாறிப்போச்சுபோல."

சுவரில் நானூற்றுப் பன்னிரண்டு சாவிகள் தொங்கின. பெரிய மனிதர் வருகிறாரே என்று முந்தின நாள் காப்பாளரின் மனைவி அத்தனையையும் துலக்கி, எண் அட்டைகளைப் பிய்த்தெறிந்து, உயர வரிசையில் அழகாக மாட்டிவைத்திருந்தார். காப்பாளர் அவருக்குப் போன் போட்டார்.

"இந்தக் கதவோட சாவி எதும்மா?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? வரிசை அழகா இருக்குன்னு அவர் சொன்னாரா?"

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஏழாவது சாவி பூட்டுக்குள்ளேயே ஒடிந்தது. எண்ணெய் விட்டார். அது வழிந்து தரையெல்லாம் பரவியது. பொறுமையிழந்த புத்தகக்காரர் ஓடிவந்து கதவை இடிக்கப்போய், வழுக்கி, தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவு அசையவில்லை.

இனி அங்கே தினமும் பெருக்க வருகிற அம்மா வந்தால்தான் உண்டு. வந்தாலும் பூட்டிய கதவை அவர் என்ன செய்துவிட முடியும்? இருபது வருட வேலை கார் நிறுத்துமிடமாவதைக் காப்பாளர் கண்ணாரக் கண்டார்.

ஆனால் புத்தகக்காரர் பூட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"சாவி ஒடைஞ்சுபோச்சு. எண்ணெய் பலிக்கல. என் தோளும் போச்சு. இப்படி ஒரு பூட்டை நான் எங்கயும் பாத்ததில்லய்யா! யாராலயும் தொறக்க முடியாத பூட்டு. மொதப் பக்கத்துலயே போடுறேன்."

காப்பாளருக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தகக்காரர் நோட்டை எடுத்து எழுதி முடித்து, கீழே கையெழுத்தும் போட்டார்.

அப்போது கதவு உள்பக்கமாகத் திறந்தது. வாளியும் துடைப்பமுமாகப் பெருக்குகிற அம்மா நின்றார்.

"அட, ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? இந்தப் பூட்டு சத்தம் மட்டுந்தான் சார் போடும், பூட்டவே பூட்டாது. நாலு வருஷமா முழங்கையால தள்ளித் தொறந்துதானே பெருக்குறேன்!"