கத்தி இருந்தும் கத்தினேன்

இந்த ஆண்டு மலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். செத்தாலும் போவதில்லை. போனால் செத்துவிடுவேன் என்பதுதான் காரணம்.

நாலு பக்கமும் மலை சூழ்ந்த முவோட்டா பள்ளத்தாக்கில் பிறந்தவன் உயரத்துக்குப் பயப்படுகிறான் என்று வெளியே சொல்ல முடியுமா? நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டினாலே கண்ணை மூடிக்கொள்வேன். என் மனைவி ரெகுலாவின் அக்கா கிரெசென்ஸ் குடியிருப்பதோ மேகத்துக்குப் பக்கத்து வீட்டில். அங்கே போக இருப்பது ஒரு ரோப் கார். ரோப் கார் என்றால் ஒரு தகரக் கூண்டு, ஒரு கம்பி, அப்புறம் கடவுள். கீழே இருக்கும் பெட்டியில் போனை எடுத்து 'ஏறிட்டோம்' என்றால், மேலே கிரெசென்ஸ் சுவிட்சைப் போடுவாள்.

ஜூலை பிறந்தால் அங்கே புல்லறுப்பு. சுவர் மாதிரிச் செங்குத்தான சரிவில் ஆணி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு புல் வார வேண்டும். போன வருஷம் எனக்கு இடுப்பு வலி. அதற்கு முந்தின வருஷம் பல்வலி. கயிறு திரிப்பதில் நான் கெட்டிக்காரன். கயிற்றில் தொங்குவதில்தான் சிக்கல்.

"இந்தத் தடவை எங்க வலி?" என்று ரெகுலா கேட்டாள்.

"வலியா? எனக்கா? நான் மூட்டையே கட்டிட்டேன்."

காரணம், என் பையில் கத்தி இருந்தது. பட்டாளத்தில் கொடுத்த சிவப்பு மடக்குக் கத்தி. பூசைக்குப் போனாலும் கூடவே வரும். ஆப்பிள் சீவுவேன், பாட்டில் திறப்பேன், அடுத்த வீட்டுக் கதவின் கீல் வரை முடுக்கிக் கொடுப்பேன். "ஆபத்துக்கு உதவும்" என்று ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டவன்.

கிளம்பிய அன்று ரெகுலா ரொட்டிக் கடைக்குள் நுழைந்தாள். நான் ரோப் கார் நிலையத்துக்கு நழுவினேன். சுற்றிலும் பார்த்தேன். ஆள் இல்லை. கத்தியிலிருந்த திருப்புளியை விரித்து, போன் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு வயரை உருவிவிட்டு மூடினேன். போன் செத்தது. பள்ளத்தாக்கின் அடியில் செல்போனும் எடுக்காது. வேலை முடிந்தது.

ரெகுலா வந்தாள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"போன் செத்துக் கிடக்கு ரெகுலா. என்ன பண்றது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்."

"அடடா. அந்தக் கத்தியைக் குடுங்க."

"எதுக்கு?"

"ஆபத்துக்கு உதவும்னு சொல்லுவீங்களே, அதுக்கு."

இந்த ரோப் காரை ஆயுள் முழுக்க ஓட்டியவர் அவள் அப்பா என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூடி ஒரு நொடியில் கழன்றது.

"மறை கழண்டிருக்கு" என்றாள்.

"பெட்டிக்கா?"

"யாருக்கோ."

வயரைச் செருகி, கத்தியை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். போனில் அக்காவிடம் ஏதோ கிசுகிசுத்தாள், சிரித்தாள். நான் கவனிக்கவில்லை. கையைக் கூப்பி மாதாவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

கூண்டு கிளம்பியது. நான் கண்ணை மூடினேன். காற்று தகரத்தில் சீட்டியடித்தது. நடு வழியில் 'டக்' என்று ஒரு சத்தம். கூண்டு முன்னே ஆடியது, பின்னே ஆடியது, நின்றது. கண்ணைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. காலுக்குக் கீழே ஆறு, நூல் மாதிரி.

"ஏன் நின்னுச்சு?"

"தெரியலையேங்க."

"அக்காவுக்கு செல்போன்ல அடி!"

"சிக்னல் இல்ல."

 நான் உருவிய வயர்! அது போன் வயர்தானா? பிரேக் வயராக இருந்தால்? இவள் இடம் மாற்றிச் செருகியிருந்தால்? அப்படியென்றால் என்னை நானே கொன்றுகொண்டேன், பெண்டாட்டியையும் சேர்த்து. மடக்குக் கத்தியை எடுத்து எல்லாவற்றையும் விரித்தேன். பெரிய கத்தி, சின்னக் கத்தி, ரம்பம், கார்க் திருகி. கார்க் திருகியால் ரோப் காரை இழுத்தவன் உலகத்தில் உண்டா? கையில் கத்தி இருந்தும் கத்தினேன்.

"காப்பாத்துங்க!"

எதிர்மலையும் அதையே சொன்னது. உதவிக்கு வரவில்லை.

"கையைக் கிழிச்சுக்கப் போறீங்க. இப்படிக் குடுங்க" என்று ரெகுலா கத்தியைப் பிடுங்கினாள். பையிலிருந்து உலர்ந்த சாசேஜை எடுத்து நிதானமாகத் துண்டு போட்டாள். "வேணுமா?"

கூண்டு மறுபடி ஆடியது. என் வாய் தானாகத் திறந்தது.

"ரெகுலா, அந்த வயரை உருவினது நான்தான்."

"தெரியும். பெட்டிக்குள்ள உங்க கத்தியோட பல்குச்சி கெடந்துச்சு."

"எனக்கு உயரம்னா பயம்."

"அதுவும் தெரியும். கல்யாணத்தன்னைக்கு மாதா கோயில் படியில, என் கையை விட்டுட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே." ஒரு துண்டை மென்று விழுங்கினாள். அவள் குரல் இறங்கியது. "அக்காவுக்கு முட்டி போயிடுச்சுங்க. புல்லு சேரலேன்னா பனி நேரத்துல மாடுங்க என்னத்தைத் தின்னும்? வித்துட்டுக் கீழ வந்துடறேன்னு அழுவுறா. சரிவுக்கு நான் போறேன். நீங்க கொட்டகைக்குள்ள நின்னு புல்லை அடைச்சாப் போதும். தரைலதான். வருஷா வருஷம் வருவீங்களா?"

"வருவேன்!"

"வலி?"

"எந்த வலியும் வராது!"

"சத்தியமா?"

"ஐன்சீடல்ன் மாதா மேல சத்தியம்! ஆனா நாம உயிரோட போய்ச் சேர்ந்தாத்தானே?"

ரெகுலா கத்தியைக் கைக்குட்டையில் துடைத்து, ஒவ்வொன்றாக மடக்கி, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்தே செல்போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா, ஆளு ஒத்துக்கிட்டாரு. சுவிட்சைப் போடு."