‘ஏனுங்க’ அக்கா கையெழுத்துப் போடாத டவர்

சேலம் ஜில்லாவில் யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடாத ஒரே ஜீவன் எங்கள் ‘ஏனுங்க’ அக்காதான். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை பெயரைப் பார்க்கமாட்டார். “முகூர்த்தம் ஆறு மணிக்கு, டிபன் எட்டு மணிக்கா? நடுவுல ரெண்டு மணி நேரம் ஏனுங்க?” என்பார். கொடுத்தவர் கல்யாணத்தையே தள்ளிவைக்கலாமா என்ற யோசனையோடு படியிறங்குவார்.

அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். போர்வெல் லாரிகளின் மேல் நிமிர்ந்து நிற்கிற இரும்பு டவருக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பது தொழில். அக்காதான் சீனியர் இன்ஜினியர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டுக்குக்கூட டிராயிங் வெளியே போகாது. இளம்பிள்ளையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும், முந்தைய நாள் நாங்கள் போட்டதைப் பிரித்து வைத்து “ஏனுங்க” என்று ஆரம்பிப்பார்.

எங்கள் பக்கத்தில் ஆளைக் கூப்பிடுவதற்கும் அதே சொல்தான். அதனால் போர்வெல் லாரி முதலாளிகள் “சொல்லுங்கம்மா” என்பார்கள்.

“நீங்கதானுங்க சொல்லோணும். டவரு ரெண்டடி சாஸ்தி ஏனுங்க?”

“பக்கத்து ஊட்டுக்காரன் அப்படித்தானுங்க வெச்சிருக்கான்.”

அந்த டவர் இரண்டடி குறைந்துதான் வெளியே போகும்.

பிறகு ஏஐ வந்தது. நாங்கள் வாரக்கணக்கில் மல்லுக்கட்டிய கணக்கை டீ ஆறுவதற்குள் போட்டுக் கொடுத்தது. பூரித்துப்போன எங்கள் முதலாளி முதல் வேலையாக மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார். கணக்குப் போடத் தெரிந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

அக்கா அந்த ஏஐயையும் விடவில்லை. மரியாதையாக ‘ங்க’ போட்டு, தமிழிலேயே விசாரணை நடத்தினார். ஒருநாள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

“தம்பி, பிளேட் கனம் பன்னெண்டு மில்லின்னுது. தப்புன்னேன். ‘மன்னிக்கவும், பதினாறு’ன்னுது. இல்ல, பன்னெண்டுதான் சரின்னேன். ‘நீங்கள் சொல்வது மிகச் சரி’ங்குது!”

“பணிவா இருக்குதுங்கக்கா. நல்லதுதானுங்களே?”

“என்ற ஊட்டுக்காரரும் கல்யாணமான நாள்ல இருந்து இப்படித்தான் எல்லாத்துக்கும் தலையாட்டறாரு. அவர நம்பி நான் டவர் நிறுத்துவனா?”

அப்போதுதான் ஓமலூர் ஆர்டர் வந்தது. நாங்கள் அதுவரை போடாத உயரம். டிராயிங்கை ஏஐயில் போட்டு எடுத்து அக்காவிடம் நீட்டினாள், புதிதாகச் சேர்ந்திருந்த இன்ஜினியர் பெண்.

“அடியில இந்த இரும்பு பிராக்கெட் ஏனுங்க சாமி?”

“தெரியலீங்க மேடம். கேட்டதுக்கு ரெண்டு பக்கம் பதில் சொல்லுச்சு. படிக்க நேரமில்லீங்க.”

தானே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வாரம் வேண்டும் என்றார் அக்கா. முதலாளி அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

“ஏம்மா, பார்ட்டி கீழ கார்ல உக்காந்திருக்காரு. ஒரு கையெழுத்துதானே?”

“நான் போட்டுப் பாக்காத கணக்குக்கு என்ற கையெழுத்து எதுக்குங்க?”

“டவரு விழுந்துருமுங்கறியா?”

“விழுமுன்னு சொல்லலீங்க. விழாதுன்னு எனக்குத் தெரியலீங்க. அடியில நாலு பேரு நின்னு வேலை செய்வாங்க.”

அன்று சாயங்காலமே வெளியில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் அக்காவின் மேஜை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துக்குப் போனது. இத்தனை வருஷமாக அவர் கேட்ட கேள்விகளையெல்லாம் டைப் செய்து ஏஐக்குக் கொடுப்பதுதான் இனி அவர் வேலை. இனிமேல் அதுவே கேட்டுக்கொள்ளும் என்றார் முதலாளி. மாதக் கடைசிவரை அக்கா பொறுத்துப் பார்த்தார். பிறகு மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் சோத்துப்போசியை எடுத்துக்கொண்டு, “வாரேனுங்க” என்று கிளம்பிவிட்டார். ஏன் என்று முதலாளி கேட்கவில்லை.

கதையாக இருந்தால் அந்த டவர் விழுந்திருக்கும், அக்கா ஜெயித்திருப்பார். விழவில்லை. ஊர் ஊராகப் போய்க் குழி போட்டுக்கொண்டு கம்பீரமாக நிற்கிறது. முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். சம்பளத்துக்காக நாங்களும் சிரிக்கிறோம். அந்த பிராக்கெட் ஏன் அங்கே இருக்கிறது என்று எங்கள் ஆபீஸில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

போன மாதம் இளம்பிள்ளைக்குப் போனேன். அக்கா உறவுக்காரர் கடையில் சேலை விற்றுக்கொண்டிருந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, “அந்த டவரு நல்லா நிக்குதுங்கக்கா” என்றேன்.

அவர் கையிலிருந்த சேலையை அப்படியே மடியில் போட்டார். “நெசமாவா தம்பி? அப்பாடா! தெனமும் காலைல பேப்பரத் தொறந்தா, யாரும் அடிபட்டிருக்கக் கூடாது சாமின்னு கும்பிட்டுட்டுத்தான் படிப்பேன்.”

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு சேலையாகப் பிரித்துக் காட்ட ஆரம்பித்தார். எனக்குச் சேலை எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் கடை சாத்தும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.